ஐந்து மில்லி தண்ணீர்

ஸ்ரீரங்கம்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சுஜாவுக்கு,

அண்ணி மணிமேகலை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அதாவது உன் அண்ணன் நன்றாக இருக்கிறார், நான் தூக்கமில்லாமல் இருக்கிறேன். பாலக்கரையில் உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முட்டி வலி இப்போது எப்படி?

கே.கே. நகரில் இருக்கும் உன் கன்னியர் மடத்துக்கு இங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம். ஆனால் வெளியே வராத அடைபட்ட மடம், வருடத்தில் நாலு தடவைதான் உன்னைக் கம்பிக்குப் பின்னால் பார்க்க முடியும், போன் கிடையாது, மற்றபடி கடிதம்தான் என்று வைத்திருக்கிறீர்கள். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கரைக் கோவிலில் பெரியவர்களுக்கான ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். யாரும் சேரச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அத்தை ஒரு நாள்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை. நைட் டியூட்டி முடிந்து அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் கோவிலுக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்காருவேன். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். ஒருவரும் எழுப்பியதில்லை. முழித்தால் எதிரே அந்தச் சிலுவை. எங்கள் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாக்கள் கேட்கிற அதே கேள்வியை, ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கேட்ட சாமி. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடிப்பது வேறு, நம்புவது வேறு என்பது வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எல்லாத் தாயும்தான் வேண்டிக்கொள்கிறாள். சில பிள்ளை பிழைக்கிறது, சில பிள்ளை போய்விடுகிறது. இதை வகுப்பு நடத்துகிற உபதேசியார் அற்புதசாமியிடம் கேட்டேன். "அது மறைபொருள்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். உன் அண்ணனிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும், சுஜாவைக் கேளு, அவதான் இருபத்து நாலு மணி நேரமும் அங்க இருக்கா" என்கிறார். அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


கே.கே. நகர்
4 செப்டம்பர் 2023

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். வருகிற கடிதம், அனுப்புகிற கடிதம் இரண்டையும் மதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். உங்கள் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது என்று மதரே சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

முட்டி வலியால் இப்போது என்னை அப்பம் சுடும் அறையில் போட்டிருக்கிறார்கள். பூசைக்கான அப்பம் இந்தப் பக்கத்துக் கோவில்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகிறது. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். இரும்புத் தகட்டில் ஊற்றி மூடினால் சில நொடியில் தாளாக வரும். கொஞ்சம் கவனம் தப்பினால் கருகிவிடும். கருகியதை நாங்கள் டீயோடு தின்றுவிடுவோம். எனக்கு அந்த அறை பிடித்திருக்கிறது. அடுத்த அக்டோபரில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு, சாகும்வரை இங்கேயே இருப்பதாக வாக்குக் கொடுக்கும் நாள். அம்மா இப்போதே புடவை எடுத்துவிட்டாளாமே?

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணி. ஆண்டவரிடமே கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் தப்பில்லை.

அம்மாவைத் தினமும் நடக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புள்ள,
சுஜா


ஸ்ரீரங்கம்
29 அக்டோபர் 2023

அன்புள்ள சுஜா,

மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்குச் சளி, மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. நீ கருகிய அப்பத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இரு.

போன வாரம் ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

புள்ளம்பாடிப் பக்கத்திலிருந்து அடைக்கலமேரி என்று ஒரு பெண். முதல் பிரசவம், ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை. நுரையீரலில் கிருமி ஏறி, மத்தியானம் டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் ஊர்ப் பங்குச் சாமியாரை அழைக்கிறார்கள், அவர் ஏதோ கிராமத்தில் அடக்கப் பூசையில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவள் என் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், நீங்க வேதக்காரங்களா?"

"இன்னும் இல்லம்மா. வகுப்புக்குப் போயிட்டிருக்கேன்."

"அது போதும். எம் புள்ளைக்குத் தண்ணி ஊத்திடுங்க. சாகப்போற நேரத்துல யாரு வேணும்னாலும் ஊத்தலாம்னு எங்க ஊர்ல சொல்லிக் குடுத்திருக்காங்க."

உண்மைதான், எங்கள் வகுப்பிலும் சொன்னார்கள். சாமியார் கிடைக்காத ஆபத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்கூட ஊற்றலாம். ஐந்து மில்லி சிரிஞ்சில் சுத்திகரித்த தண்ணீர் எடுத்து, இன்குபேட்டரின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, என் கட்டைவிரல் அளவு நெற்றியில் விட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்கிற அந்த ஒரு வரியைச் சொன்னேன். சகாயமேரி என்று பெயர் வைக்கச் சொன்னாள், வைத்தேன். பக்கத்து இன்குபேட்டர் குழந்தையின் அம்மா ஷரபுன்னிசா அங்கேதான் நின்றிருந்தாள். அவளும் கையேந்தி ஏதோ ஓதினாள், இந்தக் குழந்தைக்காக.

குழந்தை இன்னும் இருக்கிறது. எனக்குத்தான் மனசு சரியில்லை. என்னிடம் இல்லாத ஒன்றை நான் எப்படிக் கொடுத்தேன், சுஜா?

அண்ணி


கே.கே. நகர்
15 நவம்பர் 2023

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மதர் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினார்கள். எல்லோரும் அழுதார்கள். அந்தக் குழந்தைக்காக இங்கே இரவும் பகலும் ஜெபம் நடக்கிறது. அம்மாவின் சளி விட்டதா? அவளைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் வேலை நெருக்குகிறது. அப்பம் வெட்டி வெட்டிக் கையில் காய்ப்பு. டிசம்பர் மூன்றாம் தேதியிலிருந்து திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் இல்லை. ஈஸ்டருக்கு முன் வருகிற தவக்காலத்திலும் அப்படித்தான். வருகிற கடிதம் மதரின் மேசை இழுப்பறையில் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
சுஜா


ஸ்ரீரங்கம்
7 ஜனவரி 2024

அன்புள்ள சுஜாவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடி இருக்கட்டும். அத்தைக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இங்கே ஏகாதசிக் கூட்டம் முடிந்து இப்போதுதான் தெருவில் நடக்க முடிகிறது. அந்த ஒரு வாரம் பஸ்ஸையெல்லாம் சுற்றி விட்டதில் வகுப்புக்குக்கூடப் போகவில்லை.

சகாயமேரி பிழைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டிஸ்சார்ஜ். ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு போய்விடலாம், அவ்வளவுதான் இருக்கிறாள், ஆனால் நன்றாகப் பால் குடிக்கிறாள். ஷரபுன்னிசாவின் மகன் நவம்பர் கடைசியில் போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஒரே கிருமி, ஒரே மருந்து, ஒரே டாக்டர். அவனுக்கும் நான்தான் ஊசி போட்டேன். வார்டுக்கு வெளியே அந்த இரண்டு தாய்களும் ஒரு டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, மாறி மாறி அடுத்தவள் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு இருந்தார்கள். மகனைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது ஷரபுன்னிசா கேட்டாள்: "மேரி புள்ள எப்படி இருக்கு சிஸ்டர்?" நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது பாலக்கரை முழுக்க அற்புதம் என்று பேச்சு. அடைக்கலமேரி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். கோவிலில் குழந்தைக்கு ஞானஸ்நானத்தின் மீதிச் சடங்கு செய்யும்போது நான்தான் ஞானத்தாயாக நிற்க வேண்டுமாம். பங்கு ஃபாதர் சிரித்துக்கொண்டே, ஞானஸ்நானம் பெறாதவர் ஞானத்தாயாக முடியாது என்றார். கொடுக்கலாம், கூட நிற்கக் கூடாது. என்ன சட்டமோ!

சுஜா, உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். முட்டி இருக்கிறது, மாவு இருக்கிறது, அம்மா இருக்கிறாள். "இங்கே ஜெபம் நடக்கிறது" என்று எழுதுகிறாய். நீ ஜெபித்ததாக எங்கேயும் காணோம். நர்ஸ் புத்தி, கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்டதுதான் முதலில் கண்ணில் படும். உடம்புக்கு ஏதாவதா?

அண்ணி


கே.கே. நகர்
22 ஜனவரி 2024

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நல்ல பசி, நல்ல தூக்கம். குளிரில் முட்டி கொஞ்சம் தொந்தரவு செய்கிறது, அவ்வளவுதான். பொங்கலுக்கு அனுப்பிய கரும்பு வந்தது. வயதான சிஸ்டர்களுக்குத் துண்டு போட்டு, பல் இல்லாதவர்களுக்குச் சாறு பிழிந்து கொடுத்தோம்.

ஷரபுன்னிசாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். தகட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், போக வேண்டும்.

சுஜா


ஸ்ரீரங்கம்
4 பிப்ரவரி 2024

சுஜாவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. அதற்குத்தான் நீ நன்றாகப் பதில் எழுதுகிறாயே.

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் எங்கள் வகுப்பில் நாலு பேருக்கு ஞானஸ்நானம். அத்தைதான் எனக்கு ஞானத்தாய். மறுநாள் காலையில் சகாயமேரிக்கு மீதிச் சடங்கு, அதில் நான் ஞானத்தாய். உபதேசியார் ஒரு படி மேலே போய், நான் மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார், ஆண்டவர் என் கையால் ஒரு குழந்தையைக் காப்பாற்றினார் என்று. அந்தப் பாஸ்கா இரவுக்கு அடைக்கலமேரி ஷரபுன்னிசாவையும் கூப்பிட்டிருக்கிறாள். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்று நான் எப்படி அதைச் சொல்வேன்? ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார் என்றால், இன்னொன்றை என்ன செய்தார்?

சாட்சியை மறுத்துவிடலாம். ஆனால் ஃபாதர் கேட்கிற கேள்விக்கு "விசுவசிக்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தக் கோவில் வேண்டும், அந்தக் கடைசி பெஞ்சு வேண்டும், அந்தச் சிலுவையில் தொங்குகிறவர் வேண்டும். வாயில் அந்தச் சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நான் சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு நான் ஊற்றியது என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது.

பதில் தெரிந்த ஒரே ஆள் நீதான். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல். நீ விசுவசிக்கிறாயா?

மணிமேகலை


கே.கே. நகர்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்தது. புதன்கிழமை விபூதித் திருநாள், தவக்காலம் ஆரம்பம். ஒரு வரியில் எழுதுகிற பதில் இல்லை. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு எழுதுகிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

சுஜா


ஸ்ரீரங்கம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள சுஜா,

தவக்காலம் முடிந்தது, இழுப்பறை திறந்திருக்கும் என்று எழுதுகிறேன். அத்தை சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

பாஸ்கா இரவில் நடந்ததை அத்தை ஒரு மாதிரி சொல்வாள், உன் அண்ணன் ஒரு மாதிரி சொல்வார். நானே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஃபாதரிடம் முன்னாலேயே சொல்லி, அவரும் சரி என்றுவிட்டார். ஆனால் உபதேசியாருக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் வெள்ளைப் புடவை, வேட்டியில் வரிசையாக நிற்கும்போது மைக்கைப் பிடித்து அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், டாக்டர் கைவிட்ட பிள்ளை, ஆண்டவர் கைவிடாத பிள்ளை என்று. கோவிலே கை தட்டியது. மூன்றாவது பெஞ்சில் ஷரபுன்னிசா சகாயமேரியை மடியில் வைத்திருந்தாள். அவளும் தட்டினாள், சுஜா. குழந்தை முழித்துக்கொள்ளாமல் மெதுவாக.

அடுத்ததாக, விசுவசிக்கிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். மற்ற மூன்று பேரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவர் கிட்டே வந்து, மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல ஃபாதர். சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு. நம்பணும்னு ஆசையா இருக்கு. ஆனா இன்னும் நம்பல."

புனித வாரம் முழுக்கப் பாடிப் பாடி அவருக்குக் குரலே இல்லை.  "அப்ப உட்காரும்மா. கோவில் எங்கயும் போயிடாது" என்றார். அத்தை என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. என்னோடு சேர்ந்து உட்கார்ந்தாள். பூசை முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.  எனக்கு அழுகை வந்தது, அசதியில் அதுகூட முழுசாக வரவில்லை.

வெளியே வந்ததும் அடைக்கலமேரி வழியை மறித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப எம் புள்ளைக்கு நீங்க ஊத்துனது வெறும் தண்ணியா, சிஸ்டர்?"

செல்லும், மறுபடி ஊற்றக் கூடாது என்று ஃபாதர் சொன்னார். மறுநாள் மீதிச் சடங்கையும் முடித்து வைத்தார், எனக்குப் பதிலாக அத்தை நின்றாள். அடைக்கலமேரிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஃபாதர் ஆறுதலுக்குச் சொல்றாரு. உங்க நாத்தனார் அடைபட்ட மடத்துல இருக்காங்கல்ல, அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்கிறாள். பால் சரியாகச் சுரக்கவில்லையாம், அதே நினைப்பாக இருக்கிறாள்.

என்னுடைய கேள்வியை விட்டுவிடு. அவளுக்குப் பதில் எழுது.

அண்ணி


கே.கே. நகர்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. இந்தத் தாளை அடைக்கலமேரிக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த தாள் உங்களுக்கு மட்டும்.

அன்புச் சகோதரி அடைக்கலமேரி, உங்கள் மகள் பெற்ற ஞானஸ்நானம் செல்லும். ஊற்றியவர் நம்பினாரா என்று திருச்சபை கேட்பதில்லை. கேட்ட தாய்க்கு, அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்று ஊற்றியவர் நினைத்தாரா என்றுதான் கேட்கிறது. என் அண்ணி நினைத்தாள். அது போதும். கொடுக்கிறவர் ஆண்டவர். கை யாருடையதாக இருந்தால் என்ன? அந்தக் கை சந்தேகத்தில் நடுங்கியிருந்தாலும் சகாயமேரி கடவுளின் பிள்ளைதான். இதை யாரும் அவளிடமிருந்து எடுக்க முடியாது. நிம்மதியாகப் பால் கொடுங்கள்.

அண்ணி, இனி உங்களுக்கு.

இல்லை.

இரண்டு வருடமாக இல்லை. எப்படிப் போனது என்று தெரியாது. சண்டை ஒன்றும் இல்லை, துக்கம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் ஜெப வேளையில் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது, கேட்க யாரும் இல்லாத மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. முட்டி வலி உண்மைதான், ஆனால் அப்பம் சுடும் அறையை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். மாவு கரைக்கும்போது யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மடத்துக்கு வந்த பிறகு, நீ விசுவசிக்கிறாயா என்று என்னைத் தனியாக ஒருவரும் கேட்டதில்லை அண்ணி. நீங்கள் கேட்டீர்கள். தவக்காலம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

நீங்கள் கோவில் நிறைய ஆட்களுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒவ்வொரு வருடமும் பாஸ்கா இரவில் கூட்டத்தோடு சேர்ந்து விசுவசிக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டும் என்று மதரிடம் கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் ஒட்டாமல்தான் கொடுப்பேன். படிக்காமல் ஒட்டி அனுப்புவதாக மதர் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே வரப்போவதில்லை. இருப்பேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு நானே சொல்கிறேன்.

சுஜா


ஸ்ரீரங்கம்
22 ஏப்ரல் 2024

என் அன்புச் சுஜாவுக்கு,

உன் இரண்டாம் தாளைப் பல தடவை படித்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.  நீ தனியாக அதைச் சுமந்துகொண்டு மாவு கரைத்ததை நினைத்தால் தாங்கவில்லை. அடுத்த மாதம் பார்க்க விடுகிற நாளில் வருகிறேன். பேச ஒன்றும் இல்லையென்றால் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஜூனில் புது வகுப்பு ஆரம்பிக்கிறது, அதற்கும் பெயர் கொடுத்துவிட்டேன். உபதேசியார் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

அடைக்கலமேரியை நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை எடை ஏறியிருக்கிறது. புள்ளம்பாடி பஸ் பக்கத்தில் நின்று, ஹாரன் சத்தத்துக்கு நடுவே முதல் தாளை வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே அழுதாள். அழுது முடித்துச் சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன்.

"எவ்வளவு உறுதியா எழுதியிருக்காங்க பாருங்க, சிஸ்டர். மடத்துல இருக்கவங்களுக்குத்தான் இப்படி ஒரு விசுவாசம் இருக்கும்" என்றாள்.

இரண்டாம் தாள் என் கைப்பையில் இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வண்டி நகர்கிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"எனக்காகவும் எம் புள்ளைக்காகவும் ஒரு தடவ வேண்டிக்கச் சொல்லுங்க அவங்கள. மறந்துடாதீங்க!"

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன், சுஜா.

உன்,
அண்ணி